ரத்தினம்மாவிடம்தான் கேட்டார்

சிங்கப்பூரின் அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் வார்டுக்குள் உட்காரக் கூடாது. பழைய மேட்ரன்கள் காலத்திலிருந்து வந்த வழக்கம். உட்கார்ந்த நர்ஸ் சோம்பேறி நர்ஸ் என்று பெயர். அதனால் 1954ஆம் ஆண்டு, பெண்கள் வார்டின் பொறுப்பில் இருந்த மனோரஞ்சிதம் சிஸ்டர், தேக்காவில் ஒரு தச்சரிடம் சொல்லி ஆறு முக்காலிகள் செய்து வாங்கி, வார்டின் கோடியில் இருந்த சின்ன அறையில் கட்டிலுக்கு ஒன்றாகப் போட்டபோது, சமையற்கட்டு வரைக்கும் அதுதான் பேச்சாக இருந்தது.

அந்த அறையில் ஆறு கட்டில்கள். இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று டாக்டர்கள் கைவிட்டவர்களை அங்கேதான் கொண்டுவந்து போடுவார்கள். போட்ட பிறகு யாரும் அந்தப் பக்கம் அதிகம் போக மாட்டார்கள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிடுவார்கள். ஆயா வந்து சட்டியை எடுப்பாள், நர்ஸ் வந்து ஊசி போடுவாள், அவ்வளவுதான். கெட்ட மனசு என்று சொல்ல முடியாது. என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

மனோரஞ்சிதத்துக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயில் கிராணி என்கிற குமாஸ்தா வேலைக்கு வந்தவரின் மகள். சிங்கப்பூரிலேயே பிறந்து, ஜப்பான் சண்டைக்கு முன்பே நர்ஸ் படிப்பு முடித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டில் அண்ணன் அம்பலவாணரோடும் அண்ணி இராசேஸ்வரியோடும் இருந்தார். அம்பலவாணரும் அப்பாவைப் போலவே கிராணி. தங்கை டியூட்டி முடிந்து வரும்வரை தேநீரைத் தொடாத மனிதர்.

முக்காலி வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. அன்னம்மா என்று ஒரு நோயாளி. காசநோய் இரண்டு நுரையீரலையும் தின்றுவிட்டிருந்தது. அவளுடைய ஒரே மகள் கிராஞ்சிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்தாள். பிள்ளையை அழைத்து வரட்டுமா என்று சொந்தக்காரர் கேட்டபோது அன்னம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம் என்று நர்ஸ் மிஸிகள் எல்லாரும் சொல்கிறார்கள், பிள்ளை என்னை வீட்டில் நல்லபடியாகப் பார்க்கட்டும் என்றாள். அப்படிச் சொன்ன மிஸிகளில் மனோரஞ்சிதமும் ஒருவர். கடைசி நாளன்று அன்னம்மாவுக்கே புரிந்துவிட்டது. கத்தவில்லை. மனோரஞ்சிதத்தின் முகத்தையே பார்த்தபடி, "உங்களுக்குத் தெரியும்ல மிஸி?" என்று மட்டும் கேட்டாள். கிராஞ்சிக்கு ஆள் போய்ப் பிள்ளையோடு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் மனோரஞ்சிதம் மேட்ரன் அறைக்குப் போய், அந்த ஆறு கட்டில் அறையைத் தன்னிடம் விடச் சொன்னார். படிக்க வரும் பெண்களில் சிலரை அங்கே தான் பழக்குவதாகச் சொன்னார். பலமுறை கேட்டு, பலமுறை மறுக்கப்பட்டு, கடைசியில் எப்படியோ கிடைத்தது. நர்ஸ்கள் உட்காரலாம் என்பதை மேட்ரன் எழுத்தில் தரவில்லை. கண்டும் காணாமல் போய்விட்டார்.

மனோரஞ்சிதம் பழக்கிய விதத்தை ஆஸ்பத்திரியில் யாரும் கண்டதில்லை. புதிதாக வந்த பெண்ணை முதல் நாளே ஒரு கட்டிலில் படுக்கச் சொல்லித் திரையை இழுத்துவிடுவார். பிற்பகல் முழுக்க அவள் வாய் திறக்கக் கூடாது. தண்ணீர் வேண்டுமென்றாலும் கேட்கக் கூடாது. மற்றவர்கள் வருவார்கள், போர்வையை இழுப்பார்கள், அவள் தலைக்கு மேலே ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள். சாயங்காலம் திரையை விலக்கி, என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்பார். பிறகு கைவேலைகள். வலிக்காமல் புரட்டிப் படுக்க வைப்பது, படுக்கைப் புண் வராமல் முதுகு துடைப்பது, காய்ந்த உதட்டைப் பஞ்சில் கிளிசரின் தொட்டு நனைப்பது, வலி ஏறிவிடும் முன்பே டாக்டரை நெருக்கி மார்பியா வாங்குவது. எந்தக் குடும்பத்துக்கு எப்போது ஆள் அனுப்ப வேண்டும் என்பதும் பாடம்தான். சீனக் குடும்பம் நோயாளியைச் சாகப்போகிறவர்களை வைத்துப் பார்க்கும் வீடுகள் இருந்த சாகோ லேனுக்குக் கொண்டுபோக நினைக்கலாம். மலாய்க் குடும்பம் பக்கத்தில் உட்கார்ந்து ஓத விரும்பும். நம்மவர்கள் வாயில் பால் விட ஓடி வருவார்கள். யாருக்கும் நேரம் தப்பிவிடக் கூடாது.

பேச்சுக்கு இரண்டு விதிகள் வைத்திருந்தார். கேட்காதவரிடம் போய்ச் சொல்லாதே. கேட்டவரிடம் பொய் சொல்லாதே. கூடவே ஒரு கேள்வி. முடிவு நெருங்குகிறது என்று தெரிந்த நோயாளியிடம் மட்டும், முக்காலியில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்க வேண்டியது: "யாரையாவது பார்க்கவேண்டும் போல் இருக்கிறதா?" தமிழிலும் மலாயிலும் ஹாக்கியன் சீனத்திலும் அதை எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

ரத்தினம்மா அந்த அறைக்கு வந்தது 1955இல். அப்பா முனிசிபாலிட்டி லாரி ஓட்டுபவர். ஃபேரர் பார்க் மைதானத்துக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ் வீடு. அந்தக் குடும்பத்தில் இங்கிலீஷ் படித்த முதல் பெண் அவள்தான். முதல் சாவைக் கண்டதும் துணி அறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனோரஞ்சிதம் திட்டவில்லை. கதவுக்கு வெளியே நின்று, இறந்த அம்மாவுக்கு இன்னும் தலை வாரவில்லை, இரண்டு பேர் வேண்டும் என்று மட்டும் சொன்னார். ரத்தினம்மா வெளியே வந்தாள்.

கட்டிலில் படுக்க வைத்த பாடம் முடிந்து, என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டபோது அவள் சொன்னதை மனோரஞ்சிதம் பிறகு பல ஆண்டுகள் எல்லா வகுப்பிலும் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாரும் என் காலைப் பார்த்தே பேசுனாங்க சிஸ்டர். மூஞ்சிய யாரும் பார்க்கல."

அன்றிலிருந்து இருவரும் நெருங்கிவிட்டார்கள். விடுமுறை நாளில் ரத்தினம்மா ரேஸ் கோர்ஸ் ரோட்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். இராசேஸ்வரி அவளுக்குப் பிட்டு அவிக்கச் சொல்லித் தந்தார். கல்யாணமானதும் வேலையை விட வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னபோது, மனோரஞ்சிதமே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். வார்டில் சிஸ்டர், வெளியே அக்கா. மனோரஞ்சிதத்துக்கு அவள் 'எடி பிள்ளை'. மற்ற எல்லா நர்ஸையும் 'நீங்கள்' என்று கூப்பிட்டவர், அவளை மட்டும் 'நீ' என்றார். ரத்தினம்மாவுக்கு அதில் ஒரு கர்வம்.

1963ஆம் ஆண்டு, மனோரஞ்சிதம் ஒன்பது வருடம் கேட்டது கிடைத்தது. சிங்கப்பூரின் மற்ற ஆஸ்பத்திரிகளும் தங்கள் நர்ஸ்களை அவரிடம் பழக அனுப்பச் சம்மதித்தன. ஜனவரியில் அவர்களுக்கு முதல் வகுப்பு. மனோரஞ்சிதம் புதிதாக நாலு வெள்ளைச் சேலை வாங்கினார்.

நவம்பரில் அவருக்கு வயிற்று வலி அதிகமானது. ஏற்கெனவே சாப்பாடு குறைந்து, உடம்பு இளைத்திருந்தது. வயிற்றுப் புண்ணாக இருக்கும் என்று டாக்டர் தனசேகரன் ஆபரேஷனுக்குச் சொன்னார். தன் ஆஸ்பத்திரியிலேயே படுத்தார். வயிற்றைத் திறந்த டாக்டர் அப்படியே மூடிவிட்டார். புற்றுநோய் ஈரல் வரைக்கும் போயிருந்தது.

அந்தக் காலத்தில் டாக்டர்கள் இதை நோயாளியிடம் சொல்வதில்லை. குடும்பத்தில் ஆம்பிளையைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். தனசேகரனும் அம்பலவாணரைக் கூப்பிட்டுச் சொன்னார். சில மாதம் இருக்கலாம் என்றார். அம்பலவாணர் நேராக ரத்தினம்மாவைத் தேடிப் போனார். மருந்து அறை வாசலில் அவளை நிறுத்தி, தங்கைக்குத் தெரியக் கூடாது என்றார்.

ரத்தினம்மா முடியாது என்றாள். அக்கா கேட்பார், கேட்டால் சொல்லத்தான் வேண்டும் என்றாள். அம்பலவாணர் தங்கையின் விதிகள் தனக்கும் தெரியும் என்றார். அதெல்லாம் மற்றவர்களுக்கு. இவளுக்குத் தெரிந்தால் அன்றைக்கே கட்டிலை விட்டு எழும்ப மாட்டாள்.

"அவள் உன்னட்டைத்தான் கேப்பாள், பிள்ளை. நீ சொன்னால்தான் நம்புவாள்," என்றார். சொல்லிவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். தன் அப்பாவை விட வயதான மனிதர், போகிறவர் வருகிறவர் பார்க்கும் இடத்தில், தன்னைக் கும்பிட்டபடி அழுவதை ரத்தினம்மாவால் பார்க்க முடியவில்லை. சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் மனோரஞ்சிதம் டாக்டரிடம் எதுவும் கேட்கவில்லை. அண்ணனிடமும் கேட்கவில்லை. ரத்தினம்மா டியூட்டிக்கு வரும்வரை காத்திருந்து, அவளிடம்தான் கேட்டார். என்ன கண்டார்களாம் என்றார்.

"அல்சர்தான்க்கா. பெருசா இருந்துச்சு, வெட்டி எடுத்துட்டாங்க," என்றாள் ரத்தினம்மா. முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

மனோரஞ்சிதம் கண்ணை மூடிக்கொண்டு, நல்ல காலம் என்றார்.

அவர் முட்டாள் அல்ல. எடை ஏறவில்லை என்பதும், கண்ணில் மஞ்சள் தட்டுகிறது என்பதும் அவருக்குத் தெரியாமல் இல்லை. வேறு யாராவது அல்சர் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே சந்தேகப்பட்டிருப்பார். ரத்தினம்மா சொன்னதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகு இப்படித்தான் இருக்கும் என்றார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

ஜனவரி வகுப்பு என்ன ஆகும் என்பதே அவருடைய கவலை. அது ஜூலைக்குத் தள்ளிப் போய்விட்டது, அதற்குள் உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று ரத்தினம்மா சொன்னாள். அதுவும் பொய். தள்ளிப் போட்டால் வகுப்பே கிடையாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். ரத்தினம்மாவே எடுக்கட்டும் என்றார்கள். வகுப்பு செத்துப் போகக் கூடாதே என்று அவள் ஒப்புக்கொண்டாள். அக்காவிடம் சொன்னால், உடம்பு தேறி வருகிறவரை ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லப் போனால் முதல் பொய் வெளியே வந்துவிடும்.

அதனால் மனோரஞ்சிதம் ஓய்வெடுத்தார். சொன்ன பேச்சுக் கேட்கும் நோயாளியாக இருந்தார். டிசம்பரிலும் ஜனவரியிலும் வலி குறைந்திருந்தது. நடக்க முடிந்தது. அம்பலவாணர் அவரைக் கத்தோங்கில் ஒரு சிநேகிதர் வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்திருந்தார். காலையில் கடற்கரை வரை நடப்பார். சிப்பி பொறுக்கும் பிள்ளைகளைப் பார்த்தபடி நிழலில் உட்கார்ந்திருப்பார். ஜூலை வகுப்புக்குத் தெம்பு சேர்க்கிறேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

பிப்ரவரிக் கடைசியில் வலி திரும்பியது. ரேஸ் கோர்ஸ் ரோட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். மார்ச் மாதம் ஒரு பிற்பகல், ஜரீனா என்று ஒரு நர்ஸ் அவரைப் பார்க்க வந்தாள். வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து வகுப்புக்கு வரும் பெண். சிராங்கூன் ரோட்டில் சாமான் வாங்க வந்தவள், சிஸ்டர் வீடு பக்கத்தில்தான் என்று தெரிந்து, ஃபிளாஸ்க்கில் பார்லித் தண்ணீரோடு வந்திருந்தாள். வீட்டில் இராசேஸ்வரி மட்டும் இருந்தார். அவரும் சமையலறையில் வேலையாக இருந்தார்.

ஜரீனா சுற்றிப் பார்த்து, மூலையில் கிடந்த மணையைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மனோரஞ்சிதத்தின் கண்ணுக்கு நேராகத் தன் முகம் வரும்படி கொஞ்சம் நிமிர்ந்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். உதடு காய்ந்திருப்பதைப் பார்த்துப் பார்லித் தண்ணீரைக் கரண்டியால் தந்தாள். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "யாரையாச்சும் பார்க்கணும் போல இருக்கா சிஸ்டர்?"

மனோரஞ்சிதம் முதலில் சிரித்தார். புதுப்பெண், பாடத்தைத் தன்னிடமே ஒப்பிக்கிறாள் என்று நினைத்தார். நன்றாகப் படித்திருக்கிறீர்கள், யார் படிப்பித்தது என்றார். ரத்தினம்மா சிஸ்டர் என்றாள் ஜரீனா. வகுப்பு ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது, உங்கள் பாடம் முழுவதையும் அவர்தான் சொல்லித் தருகிறார் என்றாள்.

மனோரஞ்சிதத்தின் சிரிப்பு நின்றது. அந்தக் கேள்வியை யாரிடம் கேட்கச் சொல்லி வைத்தார் என்பது அவருக்குத் தெரியாதா? பிறகு, வார்டில் பேசும் அதே நிதானக் குரலில் கேட்டார்.

"எனக்கு என்ன எண்டு ரத்தினம்மா உங்களுக்குச் சொன்னவ?"

ஜரீனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறாள். ஆனால் கேட்டவரிடம் பொய் சொல்லாதே என்று படித்துவிட்டு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"ஈரல்ல பரவிடுச்சுன்னு சொன்னாங்க சிஸ்டர். வகுப்பில சொல்லும்போது அழுதுட்டாங்க. உங்களுக்குத் தெரியும்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சோம்."

மனோரஞ்சிதம் அவள் கையை விடவில்லை. நீங்கள் செய்தது சரி என்றார். அழாதீர்கள் என்றார். பிறகு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். கத்தோங் கடற்கரை. ஜூலை. தலையாட்டியவர்கள். நடக்க முடிந்த மாதங்கள் எல்லாம் போய்விட்டன. அந்த மாதங்களில் அவர் வகுப்பு எடுத்திருக்கலாம். முகம் தெரியாத நர்ஸ்கள் ஒரு வகுப்பு நிறைய, அவருடைய சாவைப் பற்றி அறிந்திருந்தார்கள். அவருக்குத்தான் தெரியவில்லை. ஜரீனாவை அனுப்பி, ரத்தினம்மாவை உடனே வரச் சொன்னார்.

ரத்தினம்மா டியூட்டி உடுப்போடு வந்தாள். உள்ளே வந்ததும் நின்றாள், உட்காரவில்லை.

"நான் உன்னட்டைக் கேட்டனான்," என்றார் மனோரஞ்சிதம்.

"கேட்டீங்கக்கா."

"நீ என்ன சொன்னனீ?"

ரத்தினம்மா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அண்ணன் கும்பிட்டதைச் சொன்னாள். வகுப்பை நிறுத்திவிடுவதாக மேலிடத்தில் மிரட்டியதைச் சொன்னாள். மற்ற நோயாளிகளுக்குச் சொல்ல முடிந்தது, அக்காவுக்குச் சொல்ல நாக்கு வரவில்லை என்றாள். மனோரஞ்சிதம் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், வகுப்பு நிற்கப் போகிறது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகச் சொல்லி வந்திருப்பேன் என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்தக் கோபம் ஆறக்கூடிய கோபம் என்று ரத்தினம்மாவுக்குப் பட்டது. நீ போ, அண்ணரை நான் கேட்கிறேன் என்றார். 'நீ' என்றுதான் சொன்னார்.

அன்று மாலை அம்பலவாணர் வேலை விட்டு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பேசினார்கள். இராசேஸ்வரிக்குக்கூட என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வந்த அம்பலவாணர் நெடுநேரம் முகம் கழுவினார். அடுத்த நாள் காலையில் தங்கை அண்ணன் கையால் கஞ்சி குடித்தார். அண்ணனோடு எப்போதும்போல் பேசினார்.

அதே நாள் பிற்பகல் ரத்தினம்மா வந்தாள். அக்கா என்றாள். மனோரஞ்சிதம் திரும்பிப் பார்த்து, "வாங்கோ சிஸ்டர், இருங்கோ. நீங்கள் டியூட்டிக்குப் போகேல்லையோ?" என்றார்.

அதன் பிறகு ஒரு தடவைகூட அந்த 'நீ' திரும்பி வரவில்லை.

அந்த வாரமே மனோரஞ்சிதம் தன்னை ஆறு கட்டில் அறையில் சேர்க்கச் சொன்னார். ஜன்னலோரக் கட்டிலைக் கேட்டு வாங்கினார். வகுப்பை அங்கேயே வரச் சொன்னார். மிஞ்சியிருந்த வகுப்புகளை அவரே எடுத்தார். தன் முதுகில்தான் அவர்களுக்குப் புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லித் தந்தார். இங்கே பிடியுங்கள், இப்படிப் பிடித்தால் எனக்கு வலிக்கிறது, இப்போது வலிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினார். தயங்கியவர்களையும் விடவில்லை.

ஒரு நாள் அவர்களிடம் சொன்னார். இத்தனை வருடம் தான் பாடம் நடத்தியதில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டதாகச் சொன்னார். முன்பின் தெரியாத நோயாளியிடம் உண்மை சொல்வது எப்படி என்று சொல்லித் தந்தேன். உயிருக்குயிரானவர் அந்தக் கட்டிலில் கிடந்தால் வாய் தானாகப் பொய் சொல்லும். அதற்கு ஆயத்தமாக இருங்கள், அப்படிப்பட்ட நாளில் வேறு நர்ஸைக் கூப்பிட்டுவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள் என்றார். பின் வரிசையில் ரத்தினம்மா இருந்தாள். தனக்கான மன்னிப்பு அது என்று நினைத்து வகுப்பு முடிந்ததும் கட்டிலுக்குப் போனாள். "மருந்து நேரமோ சிஸ்டர்?" என்றார் மனோரஞ்சிதம்.

அண்ணனை மன்னித்துவிட்டு அவளை மட்டும் ஏன் இப்படி என்று ஜரீனா ஒருமுறை துணிந்து கேட்டுவிட்டாள். "அண்ணருக்கு நான் படிப்பிக்கேல்லை," என்றார் மனோரஞ்சிதம். பிறகு ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார்.

மே மாதத்தில் பேச்சு குறைந்தது. ரத்தினம்மா மற்ற நர்ஸ்களின் டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவர் பக்கத்திலேயே இருந்தாள். உதட்டை நனைத்தாள். முதுகு துடைத்தாள். ஒரு புண் வர விடவில்லை. ஒவ்வொரு முறையும் மனோரஞ்சிதம் நன்றி சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பார்வையாளர்கள் வருவதற்கு முன், அவர் உயிர் போனது. கடைசியாக ரத்தினம்மா காதில் விழுந்தது, "தலையணையை உயர்த்திறியளோ, சிஸ்டர்" என்பதுதான்.

ரத்தினம்மா ஒவ்வொரு ஆண்டும் திவசத்துக்கு அந்த வீட்டுக்குப் போனாள். இராசேஸ்வரிக்கு ஒத்தாசையாகக் காலையிலேயே போய்க் காய் நறுக்குவாள். படத்துக்குப் பூ போட முன்னால் வர மாட்டாள். சமையலறை வாசலிலேயே நின்று கும்பிடுவாள். தான் செய்தது தப்பு, அக்கா கோபித்தது நியாயம், ஆனால் உண்மையைச் சொல்லிக் காரணம் விளக்கிய பிறகும் அவர் ஏன் மனம் இளகவில்லை என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. கடிந்து இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் எடி பிள்ளை என்று கூப்பிடுகிற அக்காவைத்தான் அவளுக்குத் தெரியும்.

1967 திவசத்தன்று, சாப்பாடு முடிந்து அவள் கிளம்பியபோது அம்பலவாணர் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். கைத்தடி பிடித்திருந்தார். வழியெல்லாம் வெயிலைப் பற்றிப் பேசினார். ஸ்டாப்பில் நின்றதும், நெடுநாளாக ஒன்று சொல்ல வேண்டும் என்றார்.

அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தங்கை கேட்டாளாம்: ரத்தினம்மா சொல்கிறாள், நீங்கள்தான் கும்பிட்டுச் சொல்லாதே என்றீர்களாமே, உண்மையா? தங்கையின் கண்ணைப் பார்த்ததும் அம்பலவாணருக்குப் பயம் வந்துவிட்டது. இன்னும் சில வாரம்தான் அவள் இருப்பாள், அந்தச் சில வாரமும் தன்னோடு பேசாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். அதனால் இல்லை என்று சொல்லிவிட்டார். சொல்லத்தான் நினைத்தேன், ரத்தினம்மாதான் வேண்டாம் என்றாள், வகுப்பைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள் என்று சொல்லிவிட்டார்.

ரத்தினம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

"நம்புனாங்களா?" என்று கேட்டாள்.

"நம்பினவள்," என்றார் அம்பலவாணர். "என்னை மன்னிச்சுப்போடு, பிள்ளை."

மனோரஞ்சிதம் சாகும்வரை, ரத்தினம்மா அண்ணன் மேல் பழி போட்டு இரண்டாம் முறையும் தன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாள், வகுப்புக்காக ஆசைப்பட்டுச் சொன்னாள் என்றுதான் நினைத்திருந்தார். வாய் வரை வந்ததை ஜரீனாவிடம் நிறுத்திக்கொண்டதும் அதனால்தான். கடைசி வரை கட்டிலருகே இருந்து பணிவிடை செய்ததையெல்லாம் அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று நினைத்தபோது ரத்தினம்மாவுக்கு உடம்பு கூசியது.

"அவங்க உயிரோட இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா. பக்கத்து நாற்காலியிலதான உட்கார்ந்திருந்தீங்க," என்றாள்.

அம்பலவாணர் கைத்தடியைப் பார்த்தபடி நின்றார். அடுத்த பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, வயதானவர், விட்டுவிடு என்றார். விடத்தான் பார்த்தாள். முடியவில்லை. அடுத்த ஆண்டு திவசத்துக்கு இராசேஸ்வரி ஆள் அனுப்பினார். டியூட்டி இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதற்கு அடுத்த ஆண்டும் அப்படித்தான். அம்பலவாணர் ஒருமுறை வார்டு வாசல் வரை வந்து, அவள் வேலையாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாக ஆயா சொன்னாள்.

வகுப்பை அவள் அறுபத்தெட்டு வரை நடத்தினாள். பிறகு பிரசவ வார்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். வகுப்பு ஜரீனாவிடம் போனது. ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடம், கால் வலிக்கிறது என்றாள். ஜரீனாவிடம் மட்டும், ஒரு நாள் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள். ஜரீனா அழுதாள். ரத்தினம்மா அழவில்லை. "அவங்க என்னைக் கடைசியாக் கேட்டது தலகாணியைத் தூக்கச் சொல்லித்தான். தூக்கி வச்சேன்," என்று சொல்லிவிட்டு, மணியைப் பார்த்து எழுந்து போனாள். பிரசவ வார்டில் அன்றைக்குக் கூட்டம் அதிகம்.